எழுதி வாங்கியும் கிடைக்காதது: சட்டத்தரணி செல்வநாயகத்தின் பாராளுமன்ற வாழ்க்கை

யாழ்ப்பாணத்தில் ஒரு காணி வழக்கு எப்படி நடக்கும் என்று கொஞ்சம் தெரிந்தால், இலங்கைத் தமிழர் தலைவர் எஸ். ஜே. வி. செல்வநாயகத்தின் அரசியலில் பாதி புரிந்துவிடும்.

தகப்பன் விட்டுப்போன வளவில் ஐந்து பிள்ளைகளுக்குப் பங்கு. பிரிக்காமல் வைத்திருப்பார்கள், அதற்குள் பேரப்பிள்ளைகள் வந்துவிடுவார்கள். மூத்தவளுக்குச் சீதனமாகப் போனது எது, பரம்பரைச் சொத்தான முதுசமாக வந்தது எது, தேடியதேட்டம் எது, கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு, ஒழுங்கையில் வண்டி விட யாருக்கு உரிமை என்று ஒவ்வொன்றுக்கும் உறுதி, அதாவது காணிப் பத்திரம், காட்ட வேண்டும். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமை ஒரு பக்கம் நிற்கும், உரோம டச்சுச் சட்டம் இன்னொரு பக்கம் நிற்கும். பத்து வருடம் தடையில்லாமல் ஆண்டு அனுபவித்தவருக்கே காணி உரித்தாகலாம் என்ற விதியும் உண்டு. பேசாமல் இருந்தவர் இழந்துவிடுவார். இந்த வழக்குகளில் மேசையைத் தட்டிப் பேசுகிறவருக்கு வேலை குறைவு. பழைய உறுதியை வெளிச்சத்தில் பிடித்து, எல்லைகளை வாசித்து, எந்த வருடம் யார் ஒப்பம் வைத்தார் என்று பார்க்கத் தெரிந்தவர்தான் தேவை. பல வழக்குகளில் கடைசியில் இரண்டு பகுதியும் இணங்கிப்போகும். இணக்கத்தை எழுதி, ஒப்பமிட்டு, நீதிபதி முன் வைத்து, கட்டளையாக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். பிறகு யாராவது மீறினால், கட்டளையை நிறைவேற்றும் அதிகாரியான பிஸ்காலை நீதிமன்றம் அனுப்பும்.

செல்வநாயகம், நீதிமன்றங்கள் இருக்கும் கொழும்பு புதுக்கடையில் சிவில் வழக்குகளில் பெயரெடுத்த அப்புக்காத்து, அதாவது வாதாடும் வழக்கறிஞர். 49 வயதில் பாராளுமன்றத்துக்குப் போனார். இடையில் ஒரு தோல்வி, ஒரு ராஜினாமா. 79 வயதில் இறக்கும்போதும் காங்கேசன்துறையின் உறுப்பினர் அவர்தான். அந்த முப்பது ஆண்டுகளில் இரண்டு பிரதமர்களோடு இரண்டு ஒப்பந்தங்கள் எழுதினார். இரண்டும் நிறைவேறவில்லை. அவரை ஏமாளி என்பவர்களும் உண்டு, மகான் என்பவர்களும் உண்டு. இந்த இரண்டு பேச்சும் எனக்குப் போதவில்லை. தொழிலில் பழகிய வழிகளை அவர் அப்படியே அரசியலுக்குக் கொண்டுவந்தார். எழுது, ஒப்பமிடு, அதன்படி நட. ஆனால் அரசியலில் எழுதியதை மீறினால் அனுப்புவதற்குப் பிஸ்கால் கிடையாது.

பிறந்தது மலாயாவின் ஈப்போவில், 1898 மார்ச் 31. தகப்பன் பிழைப்புக்காகக் கடல் கடந்து போனவர். சிறு வயதிலேயே, படிப்புக்காக, தாயோடும் சகோதரர்களோடும் தெல்லிப்பழைக்கு வந்துவிட்டார். யூனியன் கல்லூரி, யாழ்ப்பாணம் பரி. யோவான் கல்லூரி, பிறகு கொழும்பில் புனித தோமையர் கல்லூரி. பின்னாளில் அவரோடு ஒப்பந்தம் எழுதிய எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவும் அந்தக் கல்லூரியில் படித்தவர்தான். செல்வநாயகம் லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி விஞ்ஞானப் பட்டம் பெற்று, படித்த கல்லூரியிலேயே ஆசிரியரானார். ஊரில் தம்பி கடும் நோயில் கிடந்தபோது விடுப்புக் கேட்டார், கிடைக்கவில்லை, வேலையை விட்டுவிட்டார். வெஸ்லி கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டே சட்டம் படித்தார். 1920களில் அப்புக்காத்தானார், பின்னர் இராணி அப்புக்காத்து என்ற தகுதியும் வந்தது. 1927இல் தெல்லிப்பழை மணியகாரரின் மகளை மணந்தார். வீட்டில் கிறிஸ்தவ வழிபாடு. அவருக்கு வாக்களித்த ஊர்களிலோ பெரும்பான்மை சைவர்கள்.

1944இல் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸ் தொடங்கியபோது அதில் சேர்ந்தார். தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம். அவரும் அப்புக்காத்துத்தான், ஆனால் வேறு வார்ப்பு. குற்றவியல் வழக்குகளில் சாட்சியை நிற்கவைத்துக் குறுக்கு விசாரணை செய்வதில் நாடெங்கும் பேர் பெற்றவர். மேடையில் இடி முழங்கும். செல்வநாயகத்தின் குரலோ மெல்லியது. குற்றவியல் வழக்கு ஒரே தீர்ப்பில் முடிவது, வென்றால் விடுதலை, தோற்றால் சிறை. சிவில் வழக்கு இழுபடும். ஒவ்வொரு தவணையிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெற வேண்டும். ஜி. ஜி. பொன்னம்பலம் பிரிட்டன் அனுப்பிய சோல்பரி ஆணைக்குழுவின் முன் ஐம்பதுக்கு ஐம்பது, அதாவது சபையில் பாதி இடம் சிறுபான்மையினருக்கு என்று, கேட்டதையும், பிறகு கிடைத்த அமைச்சர் பதவியை ஏற்றதையும், செல்வநாயகம் ஒவ்வொரு முறையும் குறைத்துக் குறைத்துப் பேச்சுவார்த்தைக்குப் போனதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, தொழில் மனிதரை எவ்வளவு செதுக்குகிறது என்று நினைக்கத் தோன்றுகிறது.

1947 தேர்தலில் தமிழ்க் காங்கிரஸ் 7 இடங்களில் வென்றது. காங்கேசன்துறை செல்வநாயகத்துக்கு. அடுத்த ஆண்டே வந்தது குடியுரிமைச் சட்டம், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கம். இலங்கையில் பிறந்த ஒருவர் குடிமகன் ஆவதற்கு, தகப்பனும் இலங்கையில் பிறந்தவர் என்று காட்ட வேண்டும். இல்லாவிட்டால் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். இந்திய வம்சாவளித் தமிழர் வாழும் மலையகத் தோட்டத்து லயத்தில் பிறந்த ஒரு தொழிலாளி எந்தப் பெட்டியைத் திறந்து பாட்டனின் பிறப்புச் சான்றிதழை எடுப்பார்? ஏழு லட்சத்துக்கும் அதிகமான மக்கள் இந்த ஒரு கேள்வியில் வெளியே தள்ளப்பட்டார்கள். 1949இல் வாக்குரிமையும் போயிற்று.

இங்கே ஒரு சின்ன விஷயத்தைக் கவனியுங்கள். செல்வநாயகமே வெளிநாட்டில் பிறந்தவர். அதே சட்டத்தின்படி, இலங்கைக்கு வெளியே பிறந்தவர் தகப்பனும் தகப்பன்வழிப் பாட்டனும் இலங்கையில் பிறந்தவர்கள் என்று காட்டினால் போதும், குடிமகன்தான். ஈப்போவில் பிறந்தவருக்கு நாடு இருந்தது. மலையகத்து ஹற்றனில் பிறந்தவருக்கு நாடு இல்லை. உறுதி வாசித்தே பழகிய ஒரு மனிதருக்கு இந்த அநியாயம் எவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்கும்! இன்று அவர்களுக்கு, நாளை மொழி என்ற பேரில் நமக்கு என்று அவர் அன்றைக்கே எச்சரித்தார்.

சட்டம் வந்தபோது தமிழ்க் காங்கிரஸ் எதிர்த்துத்தான் வாக்களித்தது. சில நாட்களிலேயே பொன்னம்பலம் பிரதமர் டி. எஸ். சேனநாயக்கவின் அமைச்சரவையில் சேர்ந்தார். கட்சி உடைந்தது. செல்வநாயகமும் கு. வன்னியசிங்கமும் டாக்டர் இ. எம். வி. நாகநாதனும் வெளியே வந்து, 1949 டிசம்பர் 18 அன்று கொழும்பு மருதானையில் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்கள். ஆங்கிலத்தில் அதற்கு சமஷ்டிக் (கூட்டாட்சி) கட்சி என்ற பெயர். தமிழில் 'அரசு' என்ற சொல். சமஷ்டிக்குள் ஒரு மாநில அரசு என்று அவர்கள் பொருள் சொன்னார்கள். தனி அரசு என்று சிங்களத் தலைவர்கள் படித்தார்கள். இந்த ஒரு சொல்லின் வழக்கு எங்கே போய் முடிந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

1952 தேர்தலில் புதிய கட்சிக்கு இரண்டு இடம்தான் கிடைத்தது, கோப்பாயும் திருகோணமலையும். தலைவர் காங்கேசன்துறையில் தோற்றார். வென்றவர் ஐக்கிய தேசியக் கட்சியின் சு. நடேசன், சேர் பொன்னம்பலம் இராமநாதனின் மருமகன். செல்வநாயகம் புதுக்கடைக்குத் திரும்பிப்போய் வழக்குகளைப் பார்த்தார்.

1956இல் காற்று மாறிவிட்டது. 'சிங்களம் மட்டும்' என்ற முழக்கத்தோடு பண்டாரநாயக்க ஆட்சிக்கு வந்தார். தமிழரசுக் கட்சி 10 இடங்களைப் பிடித்தது. ஜூன் 5 அன்று மசோதா சபைக்கு வந்தபோது, செல்வநாயகமும் தோழர்களுமாக ஏறத்தாழ இருநூறு பேர் பாராளுமன்றத்துக்கு எதிரே காலிமுகத்திடலில் போய் உட்கார்ந்தார்கள். கூட்டம் வந்து அடித்தது. பொலிஸ் பார்த்துக்கொண்டு நின்றது. வட்டுக்கோட்டை உறுப்பினர் அ. அமிர்தலிங்கம் தலையில் காயத்தோடு சபைக்குள் போனார். அதே விவாதத்தில்தான் கொல்வின் ஆர். டி சில்வா, இவரும் பெரிய வழக்கறிஞர், இடதுசாரித் தலைவர், 'இரு மொழி என்றால் ஒரு நாடு, ஒரு மொழி என்றால் இரு நாடு' என்று எச்சரித்தார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மாதம் கழித்துத் தமிழரசுக் கட்சியினர் ஊர் ஊராக நடந்து திருகோணமலை மாநாட்டுக்குப் போனார்கள். சமஷ்டி அரசியலமைப்பு, தமிழுக்குச் சம உரிமை, மலையக மக்களுக்குக் குடியுரிமை, தமிழ்ப் பகுதிகளில் அரச குடியேற்றத்தை நிறுத்துவது என்று கேட்டார்கள். ஓர் ஆண்டு தவணை கொடுத்தார்கள். 1957 ஓகஸ்ட் 20க்குள் இல்லாவிட்டால் சத்தியாக்கிரகம்.

தவணைக்கு 25 நாள் முன்னால், 1957 ஜூலை 26 அன்று, பண்டா செல்வா ஒப்பந்தம் கையெழுத்தானது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் இரண்டு வழக்கறிஞர்கள் எழுதிய ஆவணம் இது. பண்டாரநாயக்க இங்கிலாந்தில் படித்த பாரிஸ்டர். அதைவிட, 1926இல் யாழ்ப்பாணத்துக்கே வந்து, இலங்கைக்குச் சமஷ்டிதான் பொருத்தம் என்று பேசியவர். அப்படிப்பட்டவரோடு பேசப்போன செல்வநாயகம் சமஷ்டியை விட்டுக்கொடுத்தார். மொழிச் சம உரிமையையும் தள்ளிவைத்தார். இது இடைக்கால ஏற்பாடு, எங்கள் கோரிக்கைகளைக் கைவிடவில்லை என்று குறிப்பு எழுதிக்கொண்டார். சிவில் வழக்கறிஞர்கள் செய்வது இதைத்தான்: உரிமையை விடாமல், கிடைப்பதைப் பெற்றுக்கொள்வது.

கிடைத்தது என்ன? வட மாகாணம் ஒரு பிராந்தியம். கிழக்கு ஒன்றோ பலவோ பிராந்தியங்கள். மாகாண எல்லையைத் தாண்டியும் அவை இணையலாம். நேரடித் தேர்தல். விவசாயம், கல்வி, சுகாதாரம், மீன்பிடி, வீதி, நீர் எல்லாம் பிராந்திய சபைகளிடம். வரி போடலாம், கடன் வாங்கலாம். தமிழ் தேசிய சிறுபான்மையினரின் மொழியாக ஏற்கப்படும். வடக்கு கிழக்கின் நிர்வாகம் தமிழில் நடக்கும். எல்லாவற்றுக்கும் மேலாகக் காணி. குடியேற்றத் திட்டங்களில் காணி யாருக்குக் கொடுப்பது, வேலைக்கு யாரை எடுப்பது என்பதைப் பிராந்திய சபையே தெரிவு செய்யும் என்று எழுதியிருந்தது. அந்த ஒரு வரியில் காணி வழக்கு பார்த்த மனிதரின் கை தெரிகிறது. மொழிச் சட்டத்தை நாளைக்கே திருத்தலாம். ஒரு குளத்துக்குக் கீழே பத்து வருடம் குடியிருந்துவிட்ட குடும்பத்தை எழுப்ப முடியாது. எழுப்புவது நியாயமும் ஆகாது. ஆகவே கொடுக்கும் இடத்திலேயே பிடிக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் எல்லாம் இருந்தது. அமலாக்குவதற்கு ஒரு வழி மட்டும் இல்லை. எந்தத் திகதிக்குள் மசோதா வரும்? வராவிட்டால் என்ன? ஒரு வரியும் இல்லை. ஒரு மனிதரின் வார்த்தையில் அது தொங்கிக்கொண்டிருந்தது. அந்த மனிதரைச் சுற்றி எதிர்ப்பு எழுந்தது. அக்டோபரில் ஐக்கிய தேசியக் கட்சியின் ஜே. ஆர். ஜெயவர்தன கண்டிக்கு நடைப்பயணம் தொடங்கினார். இம்புல்கொடையில் அதைத் தடுத்து நிறுத்தினார்கள். அப்புறம் வாகனங்களின் இலக்கத் தகட்டில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வந்தது. வடக்கில் அதைத் தார் பூசி அழித்தார்கள். தெற்கில் தமிழ் எழுத்துகளை அழித்தார்கள். 1958 ஏப்ரல் 9 அன்று, கொழும்பு ரோஸ்மீட் பிளேசில் பிரதமரின் வீட்டு வாசலில் பிக்குகள் வந்து உட்கார்ந்தார்கள். ஒப்பந்தத்தைக் கைவிடுகிறேன் என்று பண்டாரநாயக்க வாயால் சொன்னார். அது போதாது, எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். உள்ளே போய் எழுதிக்கொடுத்தார்.

செல்வநாயகத்துக்கு எழுதிக்கொடுத்தது ஒன்பது மாதம்கூடத் தாங்கவில்லை. பிக்குகளுக்கு எழுதிக்கொடுத்தது உடனே நடைமுறைக்கு வந்தது. இரண்டும் ஒரே மனிதரின் எழுத்துத்தான். வாசலில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம். அடுத்த மாதமே கலவரம். தமிழர்கள் வீடிழந்து கப்பலில் யாழ்ப்பாணம் போனார்கள். அவசரகாலச் சட்டத்தின் கீழ் தமிழரசுக் கட்சி தடை செய்யப்பட்டது, அதன் தலைவர்கள் வீட்டுக் காவலில். தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் நிறைவேறியபோது, அந்த மொழி பேசும் மக்களின் பிரதிநிதிகள் சபையில் இல்லை. மறு ஆண்டு பண்டாரநாயக்க ஒரு பிக்குவால் சுட்டுக்கொல்லப்பட்டார்.

1961 இன்னொரு முகம். சனவரி 1 முதல் சிங்களம் முழுமையாக நிர்வாக மொழி. நீதிமன்றத்துக்கும் அதே கதி வரும் என்று சட்டம் வந்தது. பிப்ரவரி 20 அன்று யாழ்ப்பாணக் கச்சேரியின் வாசலில் ஆட்கள் உட்கார்ந்தார்கள். பொலிஸ் தூக்கிப் போட்டது, அடித்தது. திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். கச்சேரி என்றால் அன்றைக்கு அரசாங்கம்தான்: காணி, ஓய்வூதியம், அனுமதிப்பத்திரம் எல்லாம் அங்கே. வாரக்கணக்கில் அது முடங்கியது. மட்டக்களப்புக்கும் மற்ற ஊர்களுக்கும் பரவியது. பெண்கள் பெருந்தொகையாக வந்தார்கள். ஏப்ரல் 14 அன்று செல்வநாயகம் தமிழரசுத் தபால் சேவையைத் திறந்துவைத்து, முத்திரை விற்றார். ஒரு சட்ட வல்லுநர், தெரிந்தே, பகலில், எல்லோரும் பார்க்க, அரசின் தனியுரிமையை மீறிய காட்சி அது. மூன்று நாளில் அவசரகாலம். தலைவர்களைப் பனாகொடை இராணுவ முகாமில் மாதக்கணக்கில் அடைத்தார்கள். அப்போது அவருக்கு வயது 63.

1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் எழுதிய சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 நாடற்ற மக்களை இரண்டு நாடுகளுக்கிடையே கணக்குப் போட்டுப் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் பிறகு பார்க்கலாம் என்று. அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. தமிழரசுக் கட்சி எதிர்த்தது.

ஐக்கிய தேசியக் கட்சித் தலைவர் டட்லி சேனநாயக்கவோடு எழுதிய ஒப்பந்தம் 1965 மார்ச் 24. இந்த முறை ஆட்சி அமைக்கத் தமிழரசுக் கட்சியின் ஆதரவு தேவைப்பட்டது. செல்வநாயகத்தின் கையில் பிடி இருந்தது. கேட்டதோ இன்னும் குறைந்தது. பிராந்திய சபை மாவட்ட சபையாயிற்று. காணிக்கு மட்டும் ஒழுங்கான வரிசை எழுதினார்: முதலில் அந்த மாவட்டத்தின் காணியற்றவர்கள், பிறகு வடக்கு கிழக்கில் வாழும் தமிழ் பேசுபவர்கள், பிறகுதான் மற்றக் குடிமக்கள், அதிலும் தீவின் ஏனைய தமிழருக்கு முன்னுரிமை. மு. திருச்செல்வம், அரசின் முன்னாள் சொலிசிற்றர் ஜெனரல், செனற் சபை வழியாக உள்ளூராட்சி அமைச்சரானார். செல்வநாயகம் தான் பதவி எதையும் எடுக்கவில்லை. வாழ்நாளில் ஒரு முறையும் எடுக்கவில்லை. 1968இல் மாவட்ட சபை மசோதாவை டட்லி கைவிட்டார். திருகோணமலைக் கோணேசர் கோயில் சூழலைப் புனித பிரதேசமாக்கும் முயற்சியைப் பிரதமர் நிறுத்தியதும் திருச்செல்வம் விலகினார்.

நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். அதே 1968இல், செல்வநாயகத்தின் சொந்தத் தொகுதியில், மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் உள்ளே விடச் சொல்லிப் போராடினார்கள். கச்சேரி வாசலில் உட்கார்ந்த தமிழரசுக் கட்சி, இந்த வாசலில் அவர்களோடு உட்காரவில்லை. தான் கிறிஸ்தவர், கோயில் விடயத்தில் தலையிடுவது சரியில்லை என்ற தயக்கம் செல்வநாயகத்துக்கு இருந்திருக்கலாம். தயக்கத்துக்குக் காரணம் இருக்கலாம். ஆனால் விலை இருந்தது. அந்த மக்களில் பலர் இடதுசாரிகள் பக்கம் போனதில் வியப்பில்லை.

பேச்சுவார்த்தை தோற்றுக்கொண்டிருந்த அதே காலத்தில், உண்மையான நீதிமன்றத்தில் ஒரு வழக்கு ஊர்ந்துகொண்டிருந்தது. கேகாலைக் கச்சேரியில் வேலை செய்த செ. கோடீஸ்வரன் என்ற தமிழ் எழுதுவினைஞர், சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குப் போக மறுத்தார். 1962இல் அவருடைய சம்பள உயர்வை நிறுத்தினார்கள். சிறிய தொகை. அவர் வழக்குப் போட்டார். சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகம் செய்யும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றக்கூடாது என்றது. மொழிச் சட்டம் அதை மீறுகிறது என்பது வாதம். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிபதி ஓ. எல். டி கிரெற்சர் ஆம், மீறுகிறது என்று தீர்ப்பளித்தார். மேன்முறையீட்டில் உயர் நீதிமன்றம், அரச ஊழியர் சம்பளத்துக்காக அரசின்மேல் வழக்குப் போடவே முடியாது என்று சொல்லி, மொழிக் கேள்வியைத் தொடாமல் விட்டது. 1969 டிசம்பரில், அன்றைய இறுதி மேன்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் அதை மறுத்தது: வழக்குப் போடலாம், மொழிக் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள் என்று திருப்பி அனுப்பியது.

பதில் வரவே இல்லை. 1970இல் மூன்றில் இரண்டைத் தாண்டிய பலத்தோடு ஐக்கிய முன்னணி ஆட்சிக்கு வந்தது. 29ஆம் பிரிவின் பாதுகாப்பு, சமூகங்களுக்கிடையேயான உரிமைச் சமநிலை, அதை மாற்ற முடியாது என்ற கருத்தை 1964இல் பிரிவி கவுன்சில் வேறொரு வழக்கில் சொல்லியிருந்தது. ஆகவே அரசாங்கம் பாராளுமன்றத்துக்கு வெளியே, நவரங்கஹல மண்டபத்தில், அரசியல் நிர்ணய சபை என்ற பெயரில் கூடியது. பிரிவி கவுன்சிலுக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972 மே 22 அன்று வந்த குடியரசு யாப்பில் 29ஆம் பிரிவு இல்லை. ஒற்றையாட்சி, பௌத்தத்துக்கு முதன்மை இடம், சிங்களம் அரச மொழி எல்லாம் இருந்தன. அந்த யாப்பைத் தயாரித்த அமைச்சர், 1956இல் 'ஒரு மொழி என்றால் இரு நாடு' என்ற அதே கொல்வின் ஆர். டி சில்வா. எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்கு நெஞ்சு கனக்கிறது. தமிழரசுக் கட்சி அந்தச் சபைக்குப் போய், சமஷ்டித் திருத்தம் முன்வைத்து, தோற்று, மொழித் தீர்மானத்துக்குப் பிறகு 1971 ஜூனில் வெளியேறியது.

யாப்பு வருவதற்கு எட்டு நாள் முன்னால், திருகோணமலையில் தமிழர் கூட்டணி உருவானது. செல்வநாயகமும் பொன்னம்பலமும் சௌமியமூர்த்தி தொண்டமானும் ஒரே அணியில். 1948இல் மலையக மக்களுக்காக எந்த மனிதரிடமிருந்து பிரிந்தாரோ அவரும், அந்த மக்களின் தலைவரும் அவர் பக்கத்தில்.

அக்டோபரில் அவர் காங்கேசன்துறை ஆசனத்தை ராஜினாமா செய்தார். புதிய யாப்பைத் தமிழ் மக்கள் ஏற்கிறார்களா என்று என் தொகுதியில் கேட்டுப் பாருங்கள் என்றார். நீதிமன்றக் கதவுகள் மூடியபின், ஒரு வழக்கறிஞர் தன் தொகுதியையே நீதிமன்றமாக்கினார். அரசாங்கம் இடைத்தேர்தலை இரண்டு ஆண்டுக்கு மேல் இழுத்தது. கடைசியில் 1975 பிப்ரவரி 6 அன்று வாக்கெடுப்பு. கம்யூனிஸ்ட் வேட்பாளர் வி. பொன்னம்பலத்துக்கு 9,457, செல்வநாயகத்துக்கு 25,927. பார்க்கின்சன் நோயால் கை நடுங்கியது, காது சரியாகக் கேட்காது. அவருடைய தாழ்ந்த குரலைத் தொண்டர்கள் உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. இந்த வெற்றியைத் தனியரசுக்கான ஆணையாக எடுத்துக்கொள்கிறேன் என்று அவர் அறிவித்தார்.

1976 மே 14 அன்று, வட்டுக்கோட்டைத் தொகுதியின் பண்ணாகத்தில், அவர் தலைமையில் தமிழீழத் தீர்மானம் நிறைவேறியது. சமஷ்டியை ஒரு நாளும் கைவிடாதவர் பிரிவினைக்கு வந்தது முரண் என்று சிலர் எழுதுகிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. உடன்படிக்கையை நிறைவேற்று என்று இருபது வருடம் கேட்டு, எதிர்த்தரப்பு இரண்டு முறை மீறி, மூன்றாவது முறை மூல உறுதியையே கிழித்துவிட்டால், பங்கு பிரித்துக் கொடு என்று பிராது மாறும். ஆயுதம் அவருடைய வழக்கில் எங்கும் இல்லை. ஆனால் அவர் மேடைக்குக் கீழே நின்ற இளைஞர்களில் பலர், இந்தப் பிராதை எந்த நீதிமன்றத்தில் தாக்கல் செய்வது என்று அப்போதே வேறு விதமாக யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

சில நாட்களில் அமிர்தலிங்கமும் வேறு தலைவர்களும் துண்டுப்பிரசுரம் கொடுத்ததற்காகக் கைதானார்கள். ஜூரி இல்லாத விசேட மன்றில் விசாரணை. தமிழ் வழக்கறிஞர்கள் கூட்டமாகத் திரண்டு ஆஜரானார்கள்; ஜி. ஜி. பொன்னம்பலமும் திருச்செல்வமும் வாதாடினார்கள். செல்வநாயகமும் அவர்களோடு அங்கியணிந்து நின்றார். அந்த மூவரும் அதற்குப் பிறகு அதிக நாள் இருக்கவில்லை. திருச்செல்வம் 1976 நவம்பரில், பொன்னம்பலம் 1977 பிப்ரவரியில், செல்வநாயகம் ஏப்ரல் 26இல். மூன்று மாதம் கழித்து நடந்த பொதுத்தேர்தலில் அவருடைய கூட்டணி 18 இடங்களில் வென்றது. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். செல்வநாயகத்தின் நினைவுத் தூண் யாழ்ப்பாணத்தில், பொது நூலகத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது.

1983இல் அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம் வந்து, பிரிவினையை ஆதரிப்பதே குற்றமாயிற்று. போர் முடிந்து ஐந்து ஆண்டுகள் கழித்து, 2014இல், அந்தத் திருத்தத்தின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ஒரு மனு வந்தது: இலங்கைத் தமிழரசுக் கட்சியின் நோக்கம் தனிநாடுதான் என்று அறிவிக்க வேண்டும். 1949இல் மருதானையில் எழுதிய அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்ற கேள்வி, கடைசியில் நீதிபதிகள் முன் வந்து நின்றது. இரண்டு தரப்பும் வாதாடின. பிளவுபடாத நாட்டுக்குள் சமஷ்டி கேட்பது பிரிவினை கேட்பதாகாது என்று 2017 ஓகஸ்ட் 4 அன்று தீர்ப்பு வந்தது. அதை வழங்கிய உயர் நீதிமன்றம் இருப்பதும் புதுக்கடையில்தான்.